படிக்கட்டில் பாடியவர்கள்

அந்த ஒலிப்பதிவுக் கருவி ஒரு சிறிய சூட்கேஸ் அளவு இருக்கும். பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தின் படிக்கட்டில், எங்கள் கதவுக்குச் சற்றுக் கீழே அதை வைப்பார்கள். அதில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அக்காவும் அத்தானும் நானும் ஒரே அறையில் இருந்தோம். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சாவித் துவாரத்தால் அந்த விளக்கைப் பார்த்துவிட்டு அத்தான் சொன்னார்: "உது நாங்கள் கதைக்கிறதைப் பிடிக்கிற மெஷின்."

கீழ்த்தளத்துக்குப் புதிதாக வந்திருந்த நால்வரும் ஐஸ்லாந்துக்காரர்கள், தங்கள் நாட்டு நாட்டார் பாடல்களைப் பாடுகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் எந்தக் கம்பனியும் இல்லை. தாங்களே பாடிப் பதிந்து, கசெட்டாக்கி, மெத்ரோ ரயில் நிலைய வாசலில் விற்பார்கள். வாத்தியம் எதுவும் கிடையாது. ஒருத்தி தொடங்குவாள், மற்றக் குரல்கள் மேலும் கீழுமாக வெவ்வேறு சுரங்களில் வந்து அவளோடு சேரும். சுவர்கள் எதிரொலிக்கும்போது ஒரு தேவாலயம் நிறைய ஆட்கள் பாடுவதுபோல இருக்கும். அதற்காகத்தான் படிக்கட்டுக்கு வருகிறோம் என்று அவர்களில் மூத்தவள் என்னிடம் சொன்னாள். உணவகத்தில் கோப்பை கழுவிப் பழகிய என் பிரெஞ்சுக்கு அவ்வளவு விளங்கியது.

அத்தான் நம்பவில்லை. "பாடுறதுக்கு எங்கடை வாசல்தானோ கிடைச்சது? கண்டவுடனை பல்லைக் காட்டினம், பாத்தியே?" என்றார். அந்தச் சிரிப்புத்தான் அவரை அதிகம் உறுத்தியது. ஊரில் அவரை இராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தவர், வேலிக்கு மேலால் தினமும் சிரித்துக் கதைத்த பக்கத்து வீட்டுக்காரர். இராணுவ முகாமிலிருந்து மீண்ட பிறகு அத்தான் சிரித்த முகம் எதையும் நம்பியதில்லை. எங்களையும் வீட்டுக்குள் குசுகுசுத்தே பேச வைத்தார். எனக்கும் அந்தப் பயம் மெல்லத் தொற்றியது. நான் படியேறும்போது அவர்கள் சட்டென்று பாட்டை நிறுத்துவதும், நான் கதவைச் சாத்தும்வரை காத்திருப்பதும் எதற்காக?

அக்கா மட்டும், "பாடுறதுகள் பாடட்டுமேயப்பா" என்பாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் கதவு தட்டப்பட்டது. அக்காதான் திறந்தாள். மூத்தவள் கருவியோடு நின்றாள். தங்கள் பதிவில் வேறொரு குரல் விழுந்திருப்பதாகச் சொன்னாள்.

"நான் சொன்னனான்தானே," என்று அத்தான் என் காதோடு சொன்னார். அவர் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவள் அதை ஓடவிட்டாள். நால்வரின் குரல்கள் எழுந்தன. அவற்றுக்குள், தூரத்தில், கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் முணுமுணுப்பு. சொற்கள் இல்லை, ஆனால் அவர்களுடைய மெட்டோடு பிசகாமல் கூடவே போயிற்று. அத்தான் தன் குரலைத்தான் எதிர்பார்த்து நின்றிருக்க வேண்டும். அக்கா தலை குனிந்தாள். முகாமுக்கு அவரைத் தேடிப்போன நாளிலிருந்து அவள் பாடி நாங்கள் கேட்டதில்லை.

அந்தக் குரலைக் கசெட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மூத்தவள் கேட்டாள்.

"அழிக்கச் சொல்லு," என்றார் அத்தான்.

"வேண்டாம் தம்பி. இருக்கட்டுமெண்டு சொல்லு," என்றாள் அக்கா. அந்த வீட்டில் அவள் குசுகுசுக்காமல் பேசியது அன்றுதான். "என்ரை குரல்தானே."

நான் அக்கா சொன்னதையே பிரெஞ்சில் சொன்னேன். அத்தான் அடுப்படிப் பக்கம் போனார்.

அந்த நால்வரும் அடுத்த குளிருக்கு முன்பே போய்விட்டார்கள். கசெட் வெளிவந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டபோதும் அத்தான், "ஆரும் அதை இன்னும் கேக்கேல்லைப் போலை" என்றுதான் சொன்னார்.

இப்போது அக்காவும் அத்தானும் செவ்ரான் புறநகரில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் நான் போயிருந்தபோது, ஏதோ பேச்சில் அத்தானே கேட்டார்: "அப்ப அதுகள் பாடின பாட்டு எப்பிடிப் போகும்?" அக்கா அவரை வியப்போடு பார்த்தாள். அவர் எழுந்து போய்த் தெருப்பக்கத்து யன்னலை இறுக்கிச் சாத்தினார். திரைச்சீலையையும் இழுத்துவிட்டார். பிறகு வந்து அவளருகில் உட்கார்ந்தார்.

"ஓம், இப்ப பாடு," என்றார்.