மீனெண்ணெய்ப் பாலில் எலுமிச்சம்பழம்

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, வேலம்பிசின் தீர்ந்துபோன அன்று பார்த்துக் குருவிகுளம் பக்கத்துப் பெண்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள். பிள்ளைகளுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரில் முட்டிக்கொள்ளும். மருந்து சுறா ஈரல் எண்ணெய். வெறும் எண்ணெயாகப் புகட்டினால் என் சட்டையில் துப்பிவிடும். பிசின் போட்டு அரைத்தால்தான் எண்ணெய் தண்ணீரோடு கலந்து பால்போல எமல்ஷன் ஆகும். எனக்கே காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று யோசித்தேன்.

டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். "பால் பவுடர் இருக்குல்லா? அதக் கரைச்சு அரைங்க" என்றார்.

"பிரிஞ்சிராதாம்மா?"

"பால்ல உள்ள புரோட்டீன் சுருட்டி வச்ச பாய் மாதிரி. எண்ணெய்த் துளியத் தொட்டதும் விரிஞ்சு அதச் சுத்தி மூடிக்கிடும். அப்புறம் துளியும் துளியும் சேராது. எண்ணெயச் சொட்டுச் சொட்டா விடுங்க."

கல்வத்தில் ஒரே பக்கமாகச் சுற்றி அரைத்தேன். தோள் கழன்றுவிடும் என்றிருந்தபோது குழவி 'சட் சட்' என்று சத்தம் போட்டது. எமல்ஷன் கூடிவிட்டால் வரும் சத்தம் அது. வெள்ளை வெளேரென்று வந்ததைப் புட்டிகளில் ஊற்றிக் கொடுத்தேன்.

இரண்டாம் நாளே மாடத்தி என்ற பெண் புட்டியோடு வந்து நின்றாள். பின்னால் மற்றவர்களும் அவரவர் புட்டியோடு.

"கம்பவுண்டரய்யா! என்னத்த குடுத்திய? திரிஞ்சுல்லா கிடக்கு! எல்லாத்தையும் சாக்கடையில ஊத்தப் போறோம்!"

புட்டிக்குள் கட்டி கட்டியாக மிதந்தது. எனக்குப் போலீஸ், ஜெயில், தூக்குக் கயிறு எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. மருந்து பீரோவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

"கம்பவுண்டர், கால் தெரியுது. வெளிய வாங்க" என்றார் டாக்டரம்மா. புட்டியை முகர்ந்து பார்த்தார். "இதுல என்னம்மா ஊத்துன?"

"மீன் கவிச்சி அடிச்சுது. எலுமிச்சம்பழம் புழிஞ்சேன். மீனுன்னா புழியத்தான செய்வோம்?"

"புளிப்பு பட்டதும் துளிகளச் சுத்தியிருக்க புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுது. வெஷம் இல்ல."

"நீங்க சொல்லிருவிய. குடிக்கப் போறது எங்க பிள்ளையல்லா?"

புட்டிகள் சாக்கடைப் பக்கம் திரும்பின. பயத்தில் எனக்கு மூளை நின்று கை மட்டும் வேலை செய்தது. மாடத்தியின் புட்டியைப் பிடுங்கிக் கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தேன். உவரிக் கடற்கரையே தொண்டைக்குள் இறங்கியது. நிறுத்தினால் வாந்தி வந்துவிடும் என்பதால் நிறுத்தவில்லை. பார்த்தவர்களுக்கு நான் ருசித்துக் குடிப்பதாகத் தோன்றியிருக்கிறது.

"ஏ அய்யா, போதும்! பிள்ளைக்கு வையும்!" என்று மாடத்தி புட்டியைப் பறித்துக்கொண்டாள். சிரிப்பு கிளம்பியது. ஒரு புட்டிகூடச் சாக்கடைக்குப் போகவில்லை.

வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளே, மருந்தைக் கொடுக்கும்போது வீட்டில் அதை எதோடு சேர்த்துப் புகட்டுவார்கள் என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் நீங்களே குடிக்க வேண்டிவரும்.

அடுத்த புட்டி வாங்க வந்தபோது மாடத்தி மகனை முன்னால் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "நேத்து அந்திக்கருக்கல்ல கோழியெல்லாம் இவன்தான் வெரட்டிப் பிடிச்சு அடைச்சான். ஒண்ணையும் விடல!"