சித்தப்பா தலையாட்டிய வரிசை

என் சித்தி நல்ல தையல்காரி. இரண்டு காலும் விளங்காது, மோட்டார் வைத்த மெஷினில் தைக்கிறார். சித்தப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. யார் என்ன சொன்னாலும் மரியாதைக்குத் தலையாட்டி வைப்பார்.

இருவரும் தீம் பார்க்குக்குப் போனால், அங்கே வரும் மேதாவிகள் சித்தியைப் பற்றிய கேள்விகளை எல்லாம் அவர் தலைக்கு மேலே சித்தப்பாவிடம்தான் கேட்பார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வாயும் சேர்ந்து உட்கார்ந்துவிடும் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ.

போன வாரம் பாப்கார்ன்காரர், "இவங்களுக்கு உப்பு வேண்டாம்ல?" என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா தலையாட்டினார். சித்தி பஞ்சை மெல்லுவதுபோல் உப்பில்லாத பாப்கார்னை மென்றுகொண்டு ராட்டின வரிசைக்கு வந்தார்.

பின்னால் நின்ற கறுப்புக் கண்ணாடிக்காரர் சித்தப்பாவின் தோளைத் தட்டினார். "இந்த நெலமையில இவங்களுக்கு ராட்டினம் ஒரு கேடா? வீட்ல வச்சுப் பாத்துக்க வேண்டியதுதானே?"

சித்தப்பா தலையாட்டினார். அதில் தெம்பு வந்து கண்ணாடிக்காரர் இன்னும் சத்தமாக, "வரிசையை வேற அடைச்சுக்கிட்டு" என்றார்.

சித்தி நாற்காலியைத் திருப்பினார். சட்டைக்கு அளவெடுப்பதுபோல் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அவருக்குக் காதுல கோளாறுங்க. எனக்குக் கால்ல கோளாறு. உங்களுக்கு எதுலன்னுதான் தெரியல."

சித்தப்பா அதற்கும் தலையாட்டினார்.