போவதற்குத் தடையில்லை

இங்கிலாந்தின் வடக்கில் நான் இருந்த நகரத்தில் ஒருவரும் என்னிடம் "எங்க போறியள்?" என்று கேட்டதில்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைத் தாண்டி காலி வீதிக்கு ஏறுவதற்குள் மூன்று பேராவது கேட்பார்கள். பதில் சொல்லாமல் போனால் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று கதை கிளம்பும். இங்கிலாந்திலோ பக்கத்து அறைக்காரிக்கு என் பெயரே தெரியாது. நான் ஒரு கிழமை அறைக்குள் கிடந்தாலும் கதவைத் தட்ட ஆளில்லை. பல்கலைக்கழகம் மட்டும் என்னை விடாமல் தேடியது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் கிழமைக்கு ஒருமுறை கட்டட வாசலில் உள்ள கருவியில் அட்டையைக் காட்டி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று நிரூபிக்கவேண்டும். தவறினால் ஒரு மின்னஞ்சல் வரும். மறுபடி தவறினால், குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டிய கடமை தங்களுக்கு உண்டு என்று இன்னும் பணிவான மின்னஞ்சல் வரும். காய்ச்சலோடு பனிக்குள் நடந்துபோய் அட்டையைக் காட்டிவிட்டு வந்து திரும்பவும் படுத்திருக்கிறேன். என்னோடு படித்த ஆங்கிலேயப் பெண் ஒருத்தி ஒரு மாதம் ஏதோ தீவில் இருந்துவிட்டு வெயிலில் முகம் கறுத்து வந்தாள். அவளை யாரும் தேடவில்லை.

இப்படி இருப்பை நிரூபிப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் சின்னப்பிள்ளையாக இருந்த யுத்த காலத்தில், வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்து வைக்கவேண்டும். விடியப்புறத்தில் வந்து கதவைத் தட்டுவார்கள். அப்பா ஒருநாளும் சாரத்தோடு போய் நின்றதில்லை. தட்டும் சத்தம் கேட்டதும் காற்சட்டை போட்டு, தலை வாரியிழுத்து, அதற்குப் பிறகுதான் கதவைத் திறப்பார். எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறாய், என்ன வேலை, ஏன் ஊரில் இருக்கவில்லை என்று கேட்பார்கள். தெரிந்த சிங்களத்தில், வரிக்கு வரி ஐயா என்பதுபோல "மஹத்தயா" சேர்த்து, சிரித்துக்கொண்டு பதில் சொல்வார். அவர்கள் படியிறங்கிப் போனபிறகும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். நான் ஆராய்ச்சிப் படிப்புக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையத்தில், "இனி உன்னை ஒருத்தரும் நீ ஆர் எண்டு கேக்கமாட்டினம்" என்றார். அட்டை காட்டுகிற கதையை அவருக்கு நான் சொல்லவேயில்லை.

என் ஆராய்ச்சி ஆற்றுப்படுகைச் சேற்றில் கலந்திருக்கும் உலோகங்களைப் பற்றியது. கடைசி வருடம் எங்கள் ஆய்வுகூடத்து இயந்திரம் பழுதாகி மாதக்கணக்கில் நின்றுவிட்டது. வேலை இழுபட்டது, விசா முடிகிற காலம் வந்தது. பல்கலைக்கழகம் ஆதரவு தந்தது. நீடிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். பழைய விசா முடிந்துவிட்டது, புதியது வரவில்லை. அந்த இடைவெளியில்தான் ஒரு மத்தியானம் அம்மா அழைத்தா.

"அப்பா குளிக்கேக்க விழுந்திட்டார் பிள்ளை. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கு. வலப்பக்கம் அசையுதில்ல. கதையும் வருகுதில்ல."

"நான் உடன வாறன் அம்மா."

"பொறு. விசா வந்திட்டுதே?"

"இன்னும் இல்ல" என்றேன். அம்மா விளங்கிக்கொண்டா. "அப்ப அவசரப்படாத. டொக்டரோட கதைச்சிட்டு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டா.

பல்கலைக்கழக விசா அலுவலகத்தில் ஹெலன் என்றொரு பெண் இருந்தாள். நல்லவள். நான் சொல்லச் சொல்ல அவள் கண் கலங்கியது. ஒரு குவளை தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "யூ ஆர் ஃப்ரீ டு ட்ராவல், ஒஃப் கோர்ஸ்" என்றாள். நான் எழுந்து அவளுடைய கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மனம் அதற்குள் விமானம் ஏறிவிட்டது. அவள் முகம் மாறியது. உட்காரச் சொன்னாள். போகத் தடையில்லை, ஆனால் முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தை நானே திரும்ப எடுத்துக்கொண்டதாகக் கணக்கு. பழைய விசாவும் முடிந்துவிட்டதால் திரும்பி வர வழியில்லை. இதைச் சொல்லும்போதும் அவள் "ஃப்ரீ" என்ற சொல்லையே பாவித்தாள். அவளுடைய ஆங்கிலத்தில் அது பொய்யில்லை. என்னை யாரும் கட்டிவைக்கவில்லை. பாஸ்போட்கூட என் அறை மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது.

அதற்குப் பிந்திய நாட்களை எப்படிக் கழித்தேன் என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. கண் விழித்ததும் மின்னஞ்சலைப் பார்ப்பேன். விதியை வாசிப்பேன், எங்காவது ஒரு விலக்கு இருக்காதா என்று. திணைக்களத்துக்கு ஆஸ்பத்திரிக் கடிதத்தை அனுப்பி அவசரம் என்று எழுதினேன்; உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. ஹெலன் எழுதினாள்: உனக்கு வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொள். படித்துவிட்டு ஆய்வுகூடத்துக் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு சத்தமாக அழுதேன்.

ஒருநாள் அம்மா வீடியோவில் அப்பாவைக் காட்டினா. வாய் கோணி, மூக்கில் குழாயோடு, போனில் தெரிந்த என்னை யாரோ என்பதுபோலப் பார்த்தார்.

"அப்பா உன்னை வரவேண்டாமாம். படிப்பை முடிக்கட்டாம்."

"அப்பாவுக்குத்தான் கதை வராதே, அம்மா."

அம்மா போனைத் தன் பக்கம் திருப்பினா. நல்ல சேலையொன்று உடுத்தி, பொட்டு வைத்திருந்தா. எனக்குத் தைரியம் காட்டத்தான் அந்த வேஷம் என்று தெரிந்தது. பிறகு அந்த முகம் அப்படியே உடைந்தது.

"எனக்குத் தனிய ஏலாது பிள்ளை. நேர்ஸ் மிஸ்ஸிமாரோட சிங்களத்தில கதைக்கவும் ஏலுதில்ல. இவரைப் புரட்டிப் படுக்க வைக்கவும் ஏலுதில்ல."

நான் பயணச்சீட்டு எடுத்தேன்.

வார்டுக்குள் நுழைந்தபோது அப்பா என்னை அடையாளம் கண்டார். இடக்கையைத் தூக்கினார். வா என்கிறார் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனதும் அந்தக் கை என் தோளைத் தள்ளியது. சுகமில்லாத மனிதரின் கை நடுக்கம் என்று அம்மா சொன்னா. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் மாறிமாறி இருந்து பார்த்தோம். புரட்டினோம், துடைத்தோம், கஞ்சி பருக்கினோம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு மிஸ் வந்தா. தண்ணி, சோறு, அம்மா என்று ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. அவர் முதன்முதலாகச் சொன்ன முழு வசனம் என்னைப் பார்த்துத்தான்.

"ஏன்... வந்தனீ?"

"உங்களைப் பாக்க, அப்பா."

"விசா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அது போயிட்டுது. திரும்ப விண்ணப்பம் போடுவன்" என்றேன். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அம்மா கரண்டியோடு நின்று கெஞ்சினா. நான் பல்கனியில் நின்று, ஒழுங்கை முடிவில் தெரிந்த கடலைப் பார்த்தபடி, இந்த மனிதருக்காகவா எல்லாவற்றையும் விட்டு வந்தேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

இங்கிருந்தே புதிதாக விண்ணப்பித்திருக்கிறேன். கொழும்பு விசா நிலையத்தில் கைரேகை எடுத்தார்கள், பாஸ்போட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது சொந்த ஊரில் பாஸ்போட் இல்லாமல் இருக்கிறேன். ஏன் முந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டது என்ற கேள்விக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். நம்புவார்களோ தெரியாது. என் சேற்று மாதிரிகள் அங்கே குளிரறையில் இருக்கின்றன. கல்வியாண்டு முடிந்தால் இடத்தைக் காலியாக்கவேண்டும் என்று மேற்பார்வையாளர் மனவருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அவற்றை எறிந்தால் என் ஆராய்ச்சி அவ்வளவுதான். இதை வாசிக்கிறவர்களில் அங்கே இருந்து அட்டை காட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருப்பீர்கள். நான் செய்தது சரி என்று உங்களுக்குச் சொல்ல என்னால் ஏலாது. பிழை என்றும் சொல்ல மாட்டேன்.

பின்னேரங்களில் அப்பாவின் கட்டிலோடு ஒரு கதிரையைப் போட்டு, மடிக்கணினியை வைத்துக்கொண்டு, இருக்கிற தரவுகளை வைத்து எழுதக்கூடியதை எழுதுகிறேன். இடையில் அவருடைய வலக்கைக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும். அந்தக் கை விறைத்து, விரல்கள் உள்ளே மடங்கிப் போயிருக்கின்றன. ஒவ்வொன்றாக நிமிர்த்தி என் கையை அதற்குள் வைத்தால் விரல்கள் தாமாக இறுகிப் பிடித்துக்கொள்ளும். விடு என்று அவரே நினைத்தாலும் விடாது என்று கைப்பயிற்சி சொல்லித்தரும் இன்னொரு மிஸ் சொன்னா. நேற்றும் அப்படித்தான் பிடித்துக்கொண்டது. அப்பா கணினித் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போ, எழுது" என்று இடக்கையால் என் தோளைத் தள்ளினார். நான் எழும்பப் பார்த்தேன். அவருடைய வலக்கை விடவில்லை. அவர் தள்ளிக்கொண்டேயிருந்தார்.