மேல் டிவிஷனில் தாராவிக்கு ஒரு சீசன்

பம்பாயில் ஃபுட்பால் கிளப் மேனேஜர்கள் இரண்டு வகை. கோட் சூட்டில் மைதான ஓரம் நின்று கை காட்டுகிறவர் ஒரு வகை. பதினாறு ஜோடி சாக்ஸைத் துவைத்துக் காயப்போடுகிறவர் இன்னொரு வகை. நான் இரண்டாவது. தாராவியில் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் கிளப்புக்கு. சின்னதாக ஒரு சங்கமோ, பஜனைக் குழுவோ நடத்திப் பார்த்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நாட்டின் பணமெல்லாம் இந்த ஊரில்தான் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் இப்போது ஃபுட்பால் ஆட வந்துவிட்டது. நகர லீகின் மேல் டிவிஷனில் பெரும்பாலும் கம்பெனி டீம்கள்தான். அதற்குள் நாங்கள் ஜெயித்து ஏறிவிட்டோம். யாருமே எதிர்பார்க்கவில்லை, நாங்கள் உட்பட. ஒரு சீசன் கீழே இறங்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் லட்சியம்.

ஆம்புலன்ஸ்

மேல் டிவிஷன் விதிப்படி, ஆட்டத்தை நடத்தும் கிளப் மைதானத்தில் ஒரு ஆம்புலன்ஸை நிறுத்த வேண்டும். வண்டி இல்லையென்றால் ஆட்டம் இல்லை, தோற்றதாக எழுதிவிடுவார்கள். கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். நான் ஜமாஅத் தலைவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பள்ளிவாசல் வண்டியை வாங்கி வந்தேன். அது நோயாளியையும் ஏற்றும், கபர்ஸ்தானுக்குப் போகிற மய்யித்தையும் ஏற்றும். சில வருஷமாக இரண்டாவது வேலைதான் அதிகம். லீக் அதிகாரி சைரனை அடித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கென்று பார்த்து எங்கள் கேப்டன் முருகேசனுக்கு முழங்காலில் அடி. குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற திடகாத்திரமான ஆள், புல்லில் சுருண்டு கிடந்தான். வண்டி பின்பக்கமாக அவனை நோக்கி வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

"அதுல ஏறுன ஒருத்தனும் திரும்பி வந்ததில்லண்ணே. எனக்குக் காலு சரியாயிட்டு."

பாயிண்டில் ஒருத்தன்

நாங்கள் பயிற்சி எடுப்பது மாட்டுங்கா பக்கத்து மைதானத்தில். ஒரே நேரத்தில் அங்கே நாலு கிரிக்கெட் மேட்ச் நடக்கும். நடுவில் கிடைக்கிற சந்தில் நாங்கள். பந்தை விட்டாலும் விடலாம், பக்கத்து மேட்சில் பாயிண்டில் நிற்கிற ஃபீல்டர் மேல் மோதக்கூடாது. எங்கள் ஊரில் இது எழுதப்படாத சட்டம்.

முதல் வெளியாட்டம் ஒரு பில்டரின் டீமோடு. அவர்களுக்குச் சொந்த மைதானம், கல்யாண மண்டபக் கம்பளம் போலப் புல். எங்கள் வலது விங் சாகுல் பந்தோடு பறப்பான்; ஓரக் கோட்டுக்கு நாலு கஜம் இருக்கும்போதே பிரேக் போட்டு உள்ளே திரும்பிவிடுவான். ஒரு தடவை இல்லை, ஆட்டம் பூராவும். அந்தப் பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். இடத்தைக் கொடுத்தாலும் இடத்தை எடுத்துக்கொள்ளத் தெரியாமல் எங்களைப் பழக்கிவைத்திருக்கிறது இந்த ஊர் என்று எனக்கு அன்றைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏன்டா நின்றாய் என்று கேட்டதற்கு சாகுல் நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னான்:

"அங்க பாயிண்ட்ல ஒருத்தன் நிப்பானேண்ணே."

மெத்தை

அதன் பிறகு சாகுல் கோடு வரை போகக் கற்றுக்கொண்டான். ஐந்து ஆட்டத்தில் நாலு கோல். உடனே அந்த பில்டர் டீமே அவனைத் தூக்கிவிட்டது. செம்பூரில் ரூம், பைக், சாப்பாட்டுக்கென்று தனி ஆள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வீட்டில் ஏழு பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள்.

ஆனால் அவனை அவர்கள் ஆடவிடவே இல்லை. அவன் இடத்தில் ஆட வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். சாகுலை வாங்கியது அவன் அங்கே ஆடுவதற்காக இல்லை, இங்கே ஆடாமல் இருப்பதற்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தவனிடம், எப்படிடா இருக்கு பெஞ்சு என்றேன்.

"சீட்டு நல்லா மெத்துமெத்துனு இருக்குண்ணே. அதான் எந்திரிக்கவே விட மாட்டேங்காங்க."

தண்ணீர் குடிக்கும் நேரம்

ரம்ஜான் மாதத்தில் ஒரு ஆட்டம். மூன்றரை மணிக்கு என்று அச்சடித்த அட்டவணையே இருந்தது. எதிர் டீம் முதலாளியின் விருந்தாளிகள் பிளேனில் தாமதமாக வருகிறார்களாம். ஒரு போன், ஆட்டம் ஐந்தரைக்குப் போய்விட்டது. எங்கள் பதினொரு பேரில் ஆறு பேர் நோன்பு. நோன்பு திறக்கும் நேரம் இரண்டாம் பாதிக்கு நடுவில் வரும். நான் லீக் ஆபீஸுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அன்றைய ரெஃபரி மாட்டுங்காக்காரர், பேங்க் வேலை, எதற்கும் முகம் மாறாதவர். பாங்கு சொல்லும் நேரம் வந்ததும் அவராகவே விசில் ஊதி, தண்ணீர் இடைவேளை என்று கை காட்டினார். நான் பேரீச்சம்பழ டப்பாவோடு ஓடினேன். எதிர் டீம் கோச் வாட்சைத் தட்டிக்காட்டி இங்கிலீஷில் குதித்தார். ரெஃபரி அவருக்கு இரண்டே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"ரூல் புக்ல தண்ணி குடிக்க டயம் குடுக்கலாம்னு போட்டிருக்கு சார். எப்போங்கறது என் இஷ்டம். நிதானமா சாப்பிடச் சொல்லுங்கோ."

விலை

கடைசி ஆட்டம் மிச்சம். டிரா செய்தால் தங்குவோம், தோற்றால் இறங்குவோம். அந்த வாரம் ஒரு கம்பெனியிலிருந்து செம்பூர்த் தமிழ் இளைஞர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவர்களிடம் டீமே கிடையாது. கீழிருந்து ஆடி ஏறப் பல வருஷம் ஆகும். அதனால் மேல் டிவிஷனில் எங்களுக்கு இருக்கிற இடத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறார்களாம். எனக்குச் சம்பளம், கோட்டு. ஆட்டக்காரர்களில் இரண்டு பேரை வைத்துக்கொள்வார்கள். பெயரில் மட்டும் தாராவி வேண்டாம், விளம்பரம் கொடுப்பவர்களுக்கு ஒத்துவராது. "தோத்துட்டா ஒண்ணும் கிடைக்காது அங்கிள், சோச் லோ, நல்லா யோசிச்சுக்கோங்க" என்றார்.

எனக்கு ஆசை வரவில்லை என்றால் அது பொய். ஒரு ராத்திரி கோட்டுப் போட்டே தூங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த இளைஞரையும் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த இரண்டு பேரில் முருகேசன் கட்டாயம் ஒருத்தன், அது அவனுக்கும் தெரியும். அவன்தான் பேசினான்:

"தோத்தா ரெண்டாம் டிவிஷன்ல இருப்போம்ணே. வித்தா எதுலயும் இருக்க மாட்டோம். இவுகளுக்கு ஒரு சாயா குடுத்து அனுப்பிருங்க."

கடைசி ஆட்டம்

முதல் கோல் எங்களுடையது. எழுபது நிமிஷம் வரை பிடித்துவைத்திருந்தோம். பிறகு அவர்கள் பெஞ்சிலிருந்து மூன்று பேரைப் புதிதாக இறக்கினார்கள். எங்கள் பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போய்விட்டு வந்தவர்கள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். உடை மாற்றும் அறையில் நான் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் காலை அந்த இளைஞர் போன் செய்து, இனி எங்கள் இடத்துக்கு மார்க்கெட் இல்லை என்று தெரிவித்தார். ரொம்ப சந்தோஷம் என்று போனை வைத்தேன். மைதானத்துக்குப் போனால் ஒருத்தன் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். முருகேசன் அடுத்த சீசன் பதிவு ஃபாரத்தை முட்டியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தான்.

"கிளப் பேரு அதேதானண்ணே? அப்பம் ஜெர்சி புதுசா அடிக்க வேண்டாம்."

எதையும் விலைக்கு வாங்கிவிடலாம் என்கிற இந்த ஊரில் விலைக்கு வராத பொருள் ஒன்று உண்டு. இந்த வருஷம் அது இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறது.