பெயருக்குரியவருக்கு ஓர் இலை

நான் படித்த அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற யோசிக்கிறார்களாம். அது ஒரு மனிதரின் பெயர். நீளம், வெளிநாட்டார் வாயில் நுழையவில்லை என்கிறார்கள். பழைய மாணவர்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று மின்னஞ்சல் வந்த மாலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் அந்த மனிதரின் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அப்பா படத்துக்கும் அம்மா படத்துக்கும் நடுவில் இருக்கிறார். நெற்றியில் காய்ந்த சந்தனம். நான்கு வீடு மாறிவிட்டேன். நான்கு சுவரிலும் அதே பார்வை.

அவரை எங்கள் சுவருக்குக் கொண்டுவந்தவள் அம்மா.

கேரி தீவுத் தோட்டத்தில் இருந்தபோது எனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்காக, மேலே அச்சிட்டிருந்த பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்தே உரக்கப் படித்தேன்.

"அந்தப் பெரியவரே கைப்பட எழுதிட்டாரா?" என்றாள்.

சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

பட்டமளிப்பு நாளில் அம்மா தாம்பாளம், வெற்றிலை பாக்கு, ஆரஞ்சு, ஒரு சட்டைத் துணி எல்லாம் பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்திருந்தாள். மண்டப வாசலில் நின்ற காவலர் நம்மவர்.

"தம்பி, ஐயாவப் பாக்கணும். எங்க உட்காருவாரு?"

"எந்த ஐயா ஆன்டி?"

அம்மா பெயரைச் சொன்னாள், ஓர் எழுத்துப் பிசகாமல்.

"அவரா! அவரு செத்துட்டாரு லா ஆன்டி. அதோ, படம் மாட்டியிருக்கு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எப்படி? ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

நான் பிறப்பதற்கு முன்பே இறந்தவர். சொல்லியிருக்கலாம். கறுப்பு அங்கியில் தோழிகள் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். "எனக்கும் இப்பத்தாம்மா தெரியும்" என்றேன்.

தாம்பாளத்தைப் படத்தின் கீழ் வைத்துவிட்டு வந்தாள். துக்க வீட்டுக்குப் போய்த் திரும்பியவளாக, எங்கள் வீட்டு வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். விழா மலரிலிருந்து அவர் முகத்தை வெட்டி, கிள்ளான் கடையொன்றில் கண்ணாடி போட்டு மாட்டினாள். அந்தத் தீபாவளியில் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது ஓர் இலை கூடியது.

"அவரு சைவமா அசைவமாடி?"

"தெரியலம்மா."

"அவரு எடத்துல மூணு வருஷம் தின்னு தூங்கிட்டு வந்திருக்க, இது தெரியல. நீயெல்லாம் படிச்சவ!"

இலையில் ஒரு பக்கம் ஆட்டுக்கறி, ஒரு பக்கம் சாம்பார் வைத்தாள். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டால்தான் வருவார்கள். அவரையும் கூப்பிட்டாள்.

இப்போது நான் கூப்பிடுகிறேன். அம்மாவின் இலை அவர் இலைக்குப் பக்கத்தில். அங்கே அவர்கள் சந்தித்திருப்பார்கள். "நான் எந்தக் கடிதமும் போடலையேம்மா" என்று அவர் சொல்லியிருப்பார். விளக்குச் சுடர் ஆடினாலே அம்மா கேட்க வந்துவிட்டாள் என்று பார்வையை இலைக்குத் திருப்பிக்கொள்கிறேன்.

சென்ற சனிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். வாசல் மேசையில் ஒரு பெண் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பழைய மாணவரா அக்கா? இல்ல, அவரோட குடும்பமா?"

முன்வரிசையில் குடும்பத்துக்கென்று ஆறு நாற்காலிகள். எல்லாம் காலி.

"யாரும் வரலியா?"

"வாரிசே இல்லையாம்க்கா. சும்மா போட்டு வெச்சிருக்கோம்."

"குடும்பம்னு எழுதும்மா."

பேனா நின்றது. "என்ன உறவு?"

"தெரியல. வருஷா வருஷம் எங்க வீட்டுல அவருக்கு இலை போடுறோம்."

அவள் சிரிக்கவில்லை. எழுதினாள்.

முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவருடைய வரலாற்றை மூன்று பக்கத்துக்குத் தயாரித்திருந்தேன். ஒலிவாங்கி கைக்கு வந்தபோது பக்கங்கள் மடியிலேயே கிடந்தன. அம்மாவிடம் சொல்லாததைத்தான் வாய் முதலில் சொன்னது.

"அந்தக் கடிதத்தை அவர் எழுதவில்லை."

மண்டபத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பக்கத்து நாற்காலி மட்டும் மெல்ல முனகியது. மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம். தோட்டத்தில் கடிதத்தை உரக்கப் படித்த இடத்திலிருந்து கதையைத் தொடங்கினேன். முடிவில் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"பெயரை எடுத்துவிட்டால், இலையைப் போட்டு வைத்துக்கொண்டு நான் யாரைக் கூப்பிடுவது?"