ஆறுச்சாமி ஏலத்தில் எடுத்த வீடு

சிங்காநல்லூர் ஆறுச்சாமியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய காளைகளைச் சொல்லவேண்டும். காங்கேயத்து மயிலைச் சோடி. அதற்கு நிகராகத் திருச்சி ரோட்டில் இன்னொரு சோடி ஓடியதென்று யாராவது சொன்னால் அவர் கண்ணில் கோளாறு என்று அர்த்தம். அப்பன் அவருக்கு விட்டுப்போனது ஒரு சாட்டைக்கம்பு மட்டும்தான். வண்டி, காளை, பெண்டாட்டி நாச்சியம்மாளின் காதில் தொங்கிய தோடு எல்லாம் மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றி அவரே சம்பாதித்தவை. படிப்பு, கையெழுத்துப் போடுகிற அளவுக்கு. அதற்குமேல் அவருக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

முப்பத்து மூன்று, முப்பத்து நாலாம் வருசம். பைக்காரா மின்சாரம் வந்து மில்லுகள் முளைத்துக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் பருத்தி விலை பாதாளத்துக்குப் போய்க் குடியானவர்களும் வியாபாரிகளும் கடனில் முழுகிக்கொண்டிருந்தார்கள். போகிற ஊரிலெல்லாம் தமுக்கடித்துக் கோர்ட்டு அமீனா வீட்டை ஏலம் போடுவான். கேட்க ஆள் இருக்காது. கடனில் முழுகிய வீடு நமக்கும் ஆகாது என்று கூட்டம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலையும். அரை மைல் தள்ளி வண்டியை நிறுத்தினால், "ஏனுங்ணா, மில்லுப் பக்கம் குடியிருக்க ஒரு ஊடு கெடைக்குமுங்களா?" என்று நாலு பேர் கேட்பார்கள். இந்தப் பக்கம் ஆள் இல்லாத வீடு, அந்தப் பக்கம் வீடு இல்லாத ஆள். ஊரே பார்த்தது. ஆறுச்சாமிக்குத்தான் உறைத்தது.

ஒண்டிப்புதூரில் ஒரு பருத்தி வியாபாரியின் வீடு ஏலத்துக்கு வந்தபோது அவர் மட்டும் வாய் திறந்தார். விலைக்கும் மராமத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவர், வழியில் தோட்டமும் கிணறும் வைத்திருந்த சுப்பண்ணன். அடமானமாக அவர் கேட்டது காளைகளை.

"சித்திரையிலே கண்ணபுரம் மாட்டுச்சந்தை வருது தம்பி. அதுக்குள்ள பணம் வந்தா உன்ற மாடு. வரலீன்னா சந்தைக்கு ஓட்டிப்போடுவேன். அப்பறம் எம்மேல கோவிச்சுக்கப்படாது."

"சந்தை வரைக்கும் எதுக்குங்க? தைக்குள்ள வித்துப்போடுவேன்" என்றார் ஆறுச்சாமி.

வீட்டை அவர் நேராக்கிய நேர்த்தியைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லுவார்கள். கறையான் தின்ற கைமரங்களை மாற்றினார். புது ஓடு போட்டார். ஆசாரத்துச் சுவர்களில்தான் வேலை நின்றது. ஆசாரம் என்பது வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் இருக்கும் பெரிய கூடம். அதன் இரண்டு எதிர்ச் சுவர்களிலும் கை நுழைகிற விரிசல். கொத்தனார் கருப்புசாமி கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். ஆறுச்சாமிக்குத் திருப்தி வரவில்லை.

"இன்னொரு படை போடுங்க."

"போதுமுங்ணா. வீணாப் போகுது."

"காசு உன்றதா என்றதா? போடுங்கறேன்!"

மூன்றாவது படையும் ஏறியது. சுவர் முட்டை ஓடுபோல மின்னியது. கன்னத்தை வைத்துப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது.

ஆட்கள் வந்தார்கள். புது ஓடுகளைப் பார்த்தார்கள், சுவரைத் தடவினார்கள், முகமெல்லாம் சிரிப்பு. பிறகு ஆசாரத்தில் குனிந்து நிமிர்ந்து என்னவோ செய்தார்கள். சிரிப்பு நின்றது. "ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஊட்டுல கேட்டுப்போட்டு வாரேனுங்க" என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. ஒருவராவது குறை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நம்ம பக்கத்து மரியாதை அப்படி. வேண்டாம் என்கிற வார்த்தை மட்டும் வாயில் வராது. தை போனது. மாசி போனது. ஆறுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

அதைவிடக் கொடுமை, ஒண்டிப்புதூருக்குப் போகிற வழியில் சுப்பண்ணன் தோட்டம். அங்கே அவருடைய மயிலைச் சோடி கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கிற கவலை இழுத்துக்கொண்டிருக்கும். ரோட்டில் மணி குலுங்க ஓடிய மாடுகள், தண்ணீர்ச் சாலோடு முன்னும் பின்னும், முன்னும் பின்னும். அவருடைய செருமல் கேட்டால் வலப்பக்கம் பூட்டுகிற வலத்தி மாடு நின்று திரும்பிப் பார்க்கும். ஆள்காரன் வாலை முறுக்குவான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆறுச்சாமி பல்லைக் கடிப்பார்.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தது நாச்சியம்மாள். வீடு பார்த்துவிட்டுப் போன ஒருத்தியைச் சந்தையில் மடக்கிக் கேட்டுவிட்டு வந்தாள்.

"ஏனுங் மாமா, ஆசாரம் எத்தனை அடிங்க?"

"எவன் கண்டான்?"

"பதினாறு இருக்கோணுமாமா. அவ்வளவு வரலியாமா. பதினஞ்சுல வந்து நிக்குதாமா. மனையடி சாஸ்திரத்துக்கு ஆகாத அளவு. குடும்பம் வெளங்காதுன்னு ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க. வாங்கறப்ப நீங்க அளக்கலியா?"

"நாம குடியிருக்கப்போற ஊடா இருந்தா அளந்திருப்பேன்! விக்கற ஊட்டை எவன் அளப்பான்?"

"வாங்கறவன் அளப்பான்" என்றாள் நாச்சியம்மாள்.

அவர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினார். உட்சுவரிலிருந்து உட்சுவருக்குப் பதினாறுக்கு மூன்று அங்குலம் குறைந்தது. வியாபாரி நாள் பார்த்து அளவு பார்த்துக் கட்டிய வீடாயிற்றே, எப்படிக் குறையும்? வாசல் நிலையைப் பார்த்தார். ஏலத்தன்று சுவரைவிட்டு விரல் கனத்துக்குத் துருத்திக்கொண்டிருந்த மரம், இப்போது சுவருக்குள் புதைந்து கிடந்தது. மூன்று அங்குலமும் எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது. கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி பார்த்த பூச்சு!

கருப்புசாமியைக் கூப்பிட்டால் அவர் கும்பிடு போட்டார். "பூசச் சொன்னீங்க, பூசினேன். பூசினதைப் பேத்தெடுக்கச் சொன்னா என்ற கை எந்திரிக்காதுங்ணா."

கடுக்காய்ச் சுண்ணாம்பு காய்ந்தால் கல். ஆறுச்சாமியே உளி பிடித்தார். தானே காசு கொடுத்துப் பூசியதைத் தானே கொத்தினார். கை கொப்பளித்தது, கண்ணெல்லாம் தூசி. கொத்தக் கொத்தப் பழைய விரிசல் பல்லை இளித்துக்கொண்டு வெளியே வந்தது.

"பூசறதுக்கு ஒரு கூலி, பேக்கறதுக்கு ஒரு ஆளு. நல்ல ஏவாரந்தானுங்க மாமா" என்றாள் நாச்சியம்மாள், குப்பையை அள்ளிக்கொண்டே.

"வாயை மூடிட்டு அள்ளு அம்மணி."

கண்ணபுரத்துக்கு மாடு போகிற வாரம் வந்துவிட்டது. சுப்பண்ணன் கொம்பு சீவ ஆள் வரச்சொல்லியிருந்தார். அப்போதுதான் மில்லில் பிட்டராக இருந்த நரசிம்மலுவும் அவர் சம்சாரம் பங்காரம்மாவும் வந்தார்கள். சுற்றிப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாள் கையோடு கொண்டுவந்த கோலை எடுத்து ஆசாரத்தை அளந்தாள். ஆறுச்சாமி கோலின் நுனியையே பார்த்தார்.

"பதினாறு. சுத்தமா இருக்குதுங்க" என்றாள்.

நரசிம்மலு விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இது கெடக்குது. குடிவந்து, நல்லாக் கெட்டியா மூணு படை சுண்ணாம்பு பூசிப்போட்டாச் சரியாப் போகுமுங்க."

சும்மா இருந்திருந்தால் மாடு வீட்டுக்கு வந்திருக்கும். நாச்சியம்மாள் கண்ணைக் காட்டினாள். ஆனால் நாலு மாதமாக நெஞ்சில் அடைத்திருந்தது வாய் வழியாக வந்துவிட்டது.

"பூசினா பதினஞ்சு ஆயிருமுங்க! பூசித்தானுங்க நான் கெட்டேன்! இதோ பாருங்க கையை!"

கொப்பளம் உடைந்த கையை நீட்டினார். நரசிம்மலு பெண்டாட்டியைப் பார்த்தார். இந்த வீடும் போயிற்று என்று ஆறுச்சாமி சுவரில் சாய்ந்தார்.

பங்காரம்மா சிரித்தாள். "அளக்கறது வாங்கற அன்னிக்குத்தானுங்ணா. குடிவந்தவிக கோலைத் தூக்கிட்டா சுத்துவாக? கட்டினவரு பதினாறு கட்டினாரு, அது போதும். நாளைக்கே கிரயம் பண்ணிப்போடலாமுங்க."

அந்தக் கோலைப் பிடுங்கி ஒடிக்கலாமா என்று வந்தது அவருக்கு. ஒடிக்கவில்லை. "சரிங்கம்மா" என்றார்.

கிரயம் முடிந்ததும் நாச்சியம்மாளோடு நேரே சுப்பண்ணன் தோட்டத்துக்குப் போனார். ஏலத்துக்கும் சுண்ணாம்புக்கும் வட்டிக்கும் போக மிஞ்சியது, ஒரு சாட்டைக்கம்புக்குக் காணும். மாடுகளின் கழுத்தில் காய்ப்பு ஏறி, விலா எலும்பு தெரிந்தது. அவற்றைத் தடவி ஓட்டிக்கொண்டு வருகிற வழியில், இருகூர்ப் பக்கமிருந்து தமுக்குச் சத்தம் கேட்டது.

"மாமா, வேண்டாமுங்க. இனி ஊடுங்கற பேச்சே வேண்டாம்" என்றாள் நாச்சியம்மாள்.

"நான் எங்க போறேன்?" என்றார் ஆறுச்சாமி. மறுநாள் வண்டியில் மாடு பூட்டும்போது, மூங்கிலில் ஒரு அளவுகோல் வெட்டி வண்டிக்கடியில் கட்டியிருந்ததை அவள் பார்த்தாள்.  காதுத் தோட்டைக் கழற்றி, அவர் கண்ணில் படாதபடி முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.