மூன்றாவது கோடு

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. வெளியே இன்னும் விடியவில்லை. துறைமுகப் பாலத்தைத் தூக்கச் சொல்லி ஏரியிலிருந்து ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. பேசியது எல்டனின் தங்கை மார்லிஸ்.

"லோரீன், அண்ணன் போயிட்டான்" என்றாள்.

அதிகாலை நான்கு மணி வேலைக்கு எல்டன் வரவில்லை என்று வண்டிக் கொட்டகையிலிருந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தன்னிடம் இருந்த சாவியோடு போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தான். முந்தின நாள் மாலை உட்கார்ந்தவன். எதிரே இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு எப்போதோ முடிந்து, ஊசி நடு வளையத்தில் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு மின்சாரத்தை அணைத்ததாகவும், வேறு எதையும் தொடவில்லை என்றும் சொன்னாள்.

எல்டன் ஹார்ஜு இந்த டுலூத் ஊரில் முப்பத்தோரு வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். ஊர் எழுவதற்குள் மலைச்சரிவுத் தெருக்களை எல்லாம் வழித்துவிட்டு, மதியம் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போடுவான். மூன்று மணிக்கு எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்காருவான். டிசம்பரில் எங்களுக்கு நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். அந்த ஒன்றரை மணி நேரம் ஜன்னலில் நீலம் ஏறிக்கொண்டே போகும். விளக்குப் போடாமல் அவன் பாட்டுக் கேட்பான். கேட்கும்போது படிக்க மாட்டான், சாப்பிட மாட்டான், பேச மாட்டான். நானும் பல மாலைகளில் அங்கே இருந்திருக்கிறேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் தட்டு முடிந்த பிறகும், அது முடிந்துவிட்டதென்று எங்களுக்குத் தெரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருடத்து ஆல்பங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி எழுதுவான். அவன் கையெழுத்தை அவனாலேயே படிக்க முடியாது. அதனால் நூலக வேலை முடிந்ததும் நான் தட்டச்சு செய்து, பிரதி எடுத்துக் கொடுப்பேன். முப்பத்தோரு பேருக்குத் தபாலில் போகும். கூட வண்டி ஓட்டுபவர்கள், பழைய பள்ளித் தோழர்கள், டெட்ராய்ட்டில் ஒரு செவிலி, அலாஸ்காவில் ஒரு மீனவர். "இந்த வருடம் என் அறையில் கேட்டவை" என்பதுதான் எப்போதும் தலைப்பு.

அவன் விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு தட்டை முதலிலிருந்து கடைசிவரை மூன்று முறை கேட்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ஒரு முறை கேட்டு முடித்தால் உள் உறையின் மூலையில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. மூன்று கோடு விழுந்தால்தான் அதைப் பற்றி ஒரு சொல் எழுதலாம். பத்து வருடத்துக்கு முன்பு ஒரு தட்டை இரண்டு முறை மட்டும் கேட்டு எட்டாம் இடத்தில் போட்டுவிட்டு, அது உறுத்தி, முப்பத்தோரு பேருக்கும் மன்னிப்பு அட்டை அனுப்பியவன் அவன்.

பட்டியலின் அடியில் ஒரு வரி வரும். அது டாரலுக்கானது. டாரல் எங்கள் ஊரில் இசைத்தட்டுக் கடை வைத்திருப்பவன். இருபது வருடத்துக்கு முன்பு ஒரு புதுத் தட்டைக் கடையில் ஒரு வாரம் ஓயாமல் போட்டு, வந்தவர்களிடமெல்லாம் இது போல இனிமேல் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்டன் உள்ளே வந்தான், அரை நிமிடம் கேட்டான், நேரே போய் வேகத்தை மாற்றும் விசையைத் தள்ளினான். பெரிய தட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று. சில மட்டும் நாற்பத்தைந்து. டாரல் ஒரு வாரமாகத் தப்பான வேகத்தில் உருகிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பட்டியலும் இப்படி முடியும்: "டாரல் அறிய: இவை யாவும் சரியான வேகத்தில் கேட்கப்பட்டவை."

இந்த வருடம் பத்திலிருந்து இரண்டு வரை நவம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டான். கேப் பிரெட்டனில் ஒரு மீன் கொட்டகைக்குள் வாசித்த பிடில். மெம்ஃபிஸில் ஓய்வு பெற்ற மூன்று அஞ்சல்காரர்களின் சர்ச் பாட்டு. இரண்டாம் இடத்தில் ஒரு பியானோ. அதைப் பற்றி, "பக்கத்து வீட்டில் யாரோ நல்ல சேதி கேட்டுவிட்டுச் சொல்லாமல் வைத்திருப்பது போல" என்று எழுதியிருந்தான். முதல் இடத்துக்கு மட்டும் பொறு என்றான்.

"இன்னும் ஒரு தடவ கேக்கணும், லோரீன். அந்தக் கிழவன் என்னை விடமாட்டேங்கறான்."

"எந்தக் கிழவன்?"

"வின்னிபெக்காரன். ஏரிக்கு அடியில உக்காந்து பாடுறான்."

சனிக்கிழமை சர்ச் அடித்தளத்தில் இறுதிச் சாப்பாடு. பனி வண்டிக்காரர்கள் கனத்த பூட்ஸோடு வரிசையில் நின்று உருளைக்கிழங்கும் ஹாமும் வாங்கிக்கொண்டார்கள். பட்டியல் வருமா என்று மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். மார்லிஸ் என் கையில் வீட்டுச் சாவியை வைத்து, பட்டியலை அனுப்பிவிடு என்றாள்.

மறுநாள் மூன்று மணிக்குப் போனேன். முதல் இடத்துக்கான தாள் நாற்காலியின் கையிலேயே இருந்தது. அவன் விதியை மீறி முன்கூட்டியே எழுதிப் பார்த்திருக்கிறான் போல. "இந்தக் கிழவர் யாரென்று தெரியவில்லை. ஏரி உறைந்த பிறகு அடியில் தண்ணீர் நகர்வதைக் கேட்டிருக்கிறீர்களா? அப்படிப் பாடுகிறார். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். நாமும் கூடவே போய்விட்டு வருகிறோம்."

பாடகரின் பெயரைச் சரிபார்க்க, அன்றிரவு சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தட்டைப் பார்த்தேன். உறையில் ஒரு தானியக் கிடங்கின் படமும் 'என். ஃபிரீசன்' என்ற பெயரும் மட்டும். தட்டின் நடுவில் ஒட்டிய தாளின் விளிம்பில் எறும்பு அளவில் ஓர் எண். நாற்பத்தைந்து.

விசை முப்பத்துமூன்றில் இருந்தது.

விசையைத் தள்ளி ஊசியை வைத்தேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி பாடினாள். தெளிவான, துறுதுறுப்பான குரல். கிட்டார் மாடிப்படியில் குதித்து இறங்குவது போல ஓடியது. நல்ல பாட்டுதான். ஏரி இல்லை, கிழவர் இல்லை.

நான் நாற்காலியில் உட்காரவில்லை, சோபாவின் ஓரத்திலேயே உட்கார்ந்தேன். எல்டனுக்கு இந்த உலகத்தில் பெருமை என்று இருந்தது அவன் காது மட்டும்தான். அவன் எழுதியதை அப்படியே அனுப்பினால் முப்பத்தோரு வீட்டில் சிரிப்பார்கள். திருத்தினால் அது அவன் பட்டியல் இல்லை. முதல் இடத்தையே எடுத்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைக்கவும் செய்தேன். பிறகு டாரலைக் கூப்பிட்டேன்.

அவன் தொப்பியில் பனியோடு வந்தான். நான் எதையும் மறைக்கவில்லை. அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இருபது வருஷம்யா" என்றான், காலி நாற்காலியைப் பார்த்து. "இருபது வருஷம் என்னை அந்த ஒரு வாரத்துக்காக உரிச்சு எடுத்தியே."

பிறகு விசையைத் திரும்பவும் முப்பத்துமூன்றுக்குத் தள்ளி, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கிழவர் வந்தார். கிட்டாரின் ஒவ்வொரு தந்தியும் தொலைவில் எங்கோ விழுந்து, நேரம் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தது. ஜன்னலில் நீலம் ஏறியது. தெருவில் யாரோ ஒருவர் எல்டனின் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அதன் மஞ்சள் விளக்கு சுவரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. பதினைந்து நிமிடப் பக்கம் இந்த வேகத்தில் இருபது நிமிடம் ஓடும். அந்தத் திங்கட்கிழமை மாலை அவனுக்குப் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் முடிந்து ஊசி நடு வளையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டாரல் எழுந்திருக்கவில்லை.

"அப்படியே அனுப்பு" என்றான் கடைசியில். "பக்கத்துல முப்பத்துமூணுன்னு மட்டும் போட்டுடு. கேக்கறவங்க கேட்டுப் பாக்கட்டும்."

அடியில் வரும் அந்த வரியை என்ன செய்ய என்று கேட்டேன்.

"அதுல கைய வெக்காத. அது எனக்கு வர்றது."

திங்கட்கிழமை தட்டச்சு செய்து, செவ்வாயன்று முப்பத்தோரு உறைகளையும் தபாலில் சேர்த்தேன். அவன் சொற்களில் ஒன்றையும் மாற்றவில்லை. கிழவர் கிழவராகவே இருக்கிறார். அடியில், எல்லாம் சரியான வேகத்தில் கேட்கப்பட்டவை என்று டாரலுக்கு எழுதியிருக்கிறது.

தபாலில் போட்டுவிட்டு வந்து தட்டை உள் உறையில் போடும்போதுதான் அதன் மூலையைப் பார்த்தேன். பென்சில் நாற்காலியின் கையில்தான் கிடந்தது, சீவி வைத்தபடி. உறையில் இரண்டு கோடுகள் இருக்கின்றன.